ஆசியவியலில் முதுநிலைப் படிப்பு: எங்கிருந்து தொடங்குவது?

ஆசியச் சமூகங்களையும் பண்பாடுகளையும் மொழிகளையும் முதுநிலை அளவில் படிக்க விரும்பும் மாணவர்கள் முதலில் கேட்பது, எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பதுதான். 1916இல் லண்டனில் நிறுவப்பட்ட சோவாஸ், நெதர்லாந்தின் லைடன், 1962இல் ஹைடல்பெர்கில் தொடங்கிய தெற்காசிய நிறுவனம், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், தில்லியின் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம் என்று பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, இவற்றில் எது நல்லது என்கிறார்கள். அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது. நீங்கள் கையில் எடுத்துப் படிக்கப்போகும் மூலம் எது என்பதே முதல் கேள்வி. அது ஒரு கடிதக் கட்டாக இருக்கலாம், கல்வெட்டாக இருக்கலாம், பழைய நாளிதழின் தொகுதியாக இருக்கலாம், ஒரு தெருவின் பேச்சாகவும் இருக்கலாம். மூலம் தெரிந்தால் அதைப் படிக்க வேண்டிய மொழி தெரியும். மொழி தெரிந்தால் அதைக் கற்பிக்கும் இடமும், அங்கே உங்களுக்கு நெறியாளராக இருக்கக்கூடியவரும் தெரிவார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள் சேர்க்கை கிடைத்தபின் தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான் வரலாறு படித்துவிட்டு மலாய் உலகத்தைப் பற்றிய ஆய்வுக்கு வந்தவன் என்பதால், எடுத்துக்காட்டுகளை அங்கிருந்தே தருகிறேன். ஜப்பானையோ கொரியாவையோ மத்திய ஆசியாவையோ படிக்க விரும்புகிறவர்களும் வழிமுறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வியைச் சுருக்குதல்

தமிழ் மாணவர்கள் எழுதும் ஆய்வு முன்மொழிவுகளில் நான் அடிக்கடி காணும் தலைப்பு ‘தென்கிழக்காசியாவில் தமிழ்ப் பண்பாட்டின் தாக்கம்’ என்பதாகும். அந்த ஆர்வத்தில் தவறில்லை. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸுக்கு அருகே லோபு துவாவில் கிடைத்த, 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு இன்றும் ஜகார்த்தாவின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைப் பற்றிப் படிக்கும் எந்தத் தமிழருக்கும் மனம் நெகிழும். ஆனால் அந்த முன்மொழிவுத் தலைப்பு ஆய்வுக்கு நிற்காது. ஆயிரம் ஆண்டுகளையும் பத்து நாடுகளையும் ஒரே வரியில் அடக்க முயல்வதோடு, விடையையும் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது. அந்த மண்ணின் மக்கள் தங்கள் மொழியில் என்ன எழுதினார்கள் என்று கேட்கவே இல்லை. மதிப்பிடுகிறவர், இவர் மலாய் கற்கப்போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிடுவார்.

அதே ஆர்வத்தை இப்படிச் சுருக்கலாம்: 1760க்கும் 1780க்கும் இடையே நாகப்பட்டினம், நாகூர்ப் பக்கத்திலிருந்து துணி ஏற்றிக்கொண்டு மலாக்காவுக்குச் சென்ற கப்பல்களின் தலைவர்கள் யார், துறைமுகத்தில் அவர்களை எந்தப் பெயரால் பதிவு செய்தார்கள், அதே ஆட்கள் மலாய்க் கடிதங்களில் எப்படிக் குறிக்கப்பட்டார்கள்? மலாக்கா அப்போது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. துறைமுக அதிகாரி வைத்த கப்பல் பட்டியல்கள் கம்பெனியின் ஆவணங்களில் இருக்கின்றன. இந்தக் கேள்வியில் காலம் இருக்கிறது, இடம் இருக்கிறது, மூலமும் இருக்கிறது. தேவையான மொழிகளும் தாமாகவே தெரிந்துவிடுகின்றன: டச்சு, ஜாவி எழுத்தில் மலாய், தமிழ். உங்கள் கேள்வி எதுவாக இருந்தாலும், அதைப் படிக்கும் ஒருவர் ‘எந்த மூலம், எந்த மொழி’ என்ற இரண்டுக்கும் விடை சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் இன்னும் சுருக்க வேண்டும்.

மொழி

இந்தப் படிப்பில் மொழியே பெரும்பகுதி. நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டுதான். லைடனில் ஆசியவியல் முதுநிலை ஓராண்டுக்கு 60 மதிப்பலகுகள், ஆய்வு முதுநிலை ஈராண்டுகளுக்கு 120 மதிப்பலகுகள். ஓராண்டுப் படிப்பில் செப்டம்பரில் வகுப்பு தொடங்கி, அடுத்த கோடைக்குள் ஆய்வேட்டையே முடித்தாக வேண்டும். அந்தப் பத்துப் பன்னிரண்டு மாதங்களில் ஒரு மொழியை அடியிலிருந்து கற்று, அதில் ஆவணமும் படித்து, ஏடும் எழுதுவது நடவாத காரியம். ஆகவே உதவித்தொகை இடம் கொடுக்குமானால் ஈராண்டுப் படிப்பையே தேர்ந்தெடுங்கள். ஓராண்டுதான் வாய்க்கும் என்றால், மொழியை ஊரில் இருக்கும்போதே கற்றுக்கொண்டு செல்லுங்கள்.

மலாய் தமிழருக்கு நெருங்கிவரும் மொழி. கெடாய், காபால், காத்தில், மெம்பெலாம் என்ற சொற்களைக் கேட்டதும் கடையும் கப்பலும் கட்டிலும் மாம்பழமும் நினைவுக்கு வந்துவிடும். அவை தமிழிலிருந்து சென்றவையே. ஆறு மாதம் ஒழுங்காகப் படித்தால் செய்தித்தாளை அகராதியோடு வாசிக்கலாம். ஆனால் அது இன்றைய ரோமன் எழுத்து மலாய். பழைய மலாய் ஜாவி என்னும் அரபு வழி எழுத்தில் இருக்கிறது. அரபியில் இல்லாத ஒலிகளுக்காக ஐந்து எழுத்துகளைக் கூடுதலாக ஏற்படுத்திக்கொண்ட முறை அது. சுவடிகளில் குற்றுயிர்களைப் பெரும்பாலும் எழுதமாட்டார்கள். ‘க-ப-ல’ என்ற மூன்று மெய்கள் மட்டும் இருந்தால் கப்பல் என்றும் படிக்கலாம், கையை மூடிப் பிடிப்பதைக் குறிக்கும் ‘கெப்பால்’ என்றும் படிக்கலாம். முன்னும் பின்னும் உள்ள சொற்களே வழிகாட்டும். தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்கு ஒரு முழு நாள் ஆனது எனக்கு. அரபுத் தமிழ், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழ், படிக்கத் தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும் கீழக்கரை, காயல்பட்டினம் மாணவர்கள் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டுவிட வேண்டாம்; அதே எழுத்தை வேறொரு மொழிக்கு வளைத்துக்கொண்ட முறை என்பதால், ஜாவிக்கு அதைவிட நல்ல முன்பயிற்சி இல்லை.

நூலகப் பட்டியலைத் தேடுவதற்கும் மொழியின் வரலாறு தெரிய வேண்டும். இந்தோனேசிய மொழியின் எழுத்துமுறை 1947இலும் 1972இலும் திருத்தப்பட்டது. முன்பு உகரத்துக்கு ஓ, இ (oe) என்னும் இரண்டு ரோமன் எழுத்துகளைச் சேர்த்து எழுதினார்கள்; 1947க்குப் பிறகு யு (u) என்னும் ஓர் எழுத்து அந்த இடத்துக்கு வந்தது. சகர ஒலிக்கு 1972 வரை டி, ஜே (tj) என்று இரண்டெழுத்து. அதன் பிறகு சி (c) என்ற ஓரெழுத்து. யகர ஒலிக்கு ஜே (j) இருந்த இடத்தில் அதே ஆண்டு ஒய் (y) வந்தது. சுரபாயா நகரைப் பற்றி 1920களில் அச்சான ஓர் இதழை இன்றைய எழுத்தில் தேடினால் பட்டியலில் ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். பழைய எழுத்தில் தட்டினால் அதே இதழ் வந்து நிற்கும். ‘இதைப் பற்றி மூலங்களே இல்லை’ என்று எழுதுவதற்கு முன், மூன்று எழுத்துமுறையிலும் தேடிப் பாருங்கள்.

கிழக்காசியாவைப் படிப்பவர்களுக்கும் இதே நிலைதான். ஜப்பானிய அரசு அன்றாடப் பயன்பாட்டுக்கென வகுத்த 2,136 கான்ஜி எழுத்துகளைக் கற்று, ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் உயர்நிலைகளில் ஒன்றான என்2வைத் தாண்டினாலும், எடோ காலத்துத் (1603–1868) தொடரெழுத்தைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும். சீன மக்கள் குடியரசு எழுத்துகளை எளிமையாக்கத் தொடங்கியது 1956இல். அதற்கு முந்தைய அச்சையும் தைவான் நூல்களையும் படிக்கப் பழைய எழுத்துகள் தேவை. தமிழகத்துக்குள்ளேயே ஆய்வு செய்கிறவர்கூடத் தப்ப முடியாது: தஞ்சை மராத்தியர் ஆட்சியின் நிர்வாகத் தாள்கள் மராத்தி மொழியில், அதை விரைவாகத் தொடர்த்து எழுதப் பயன்பட்ட மோடி என்னும் பழைய எழுத்தில் இருக்கின்றன. அவற்றைப் படிக்க வல்லவர்கள் மிகச் சிலரே. ஓர் இளைஞர் இரண்டு ஆண்டு செலவிட்டு மோடி கற்றால், அவருக்கு வாழ்நாள் முழுவதற்குமான வேலை காத்திருக்கிறது.

புறப்படுவதற்கு முன்பே மூலத்தைத் தொட்டுப் பார்த்தல்

டச்சுக் கம்பெனி 1602இல் தொடங்கி 1799இல் முடிவுக்கு வந்தது. அது விட்டுச்சென்ற ஏறத்தாழ 2.5 கோடிப் பக்கங்கள் தி ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப் டவுன் ஆகிய நகரங்களிலும், நம் சென்னையிலும் இருக்கின்றன. 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் அவை சேர்க்கப்பட்டன. சென்னைப் பங்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதில் பெரும்பகுதி கொச்சியையும் மலபார்க் கரையையும் சார்ந்தது. இலங்கை மாணவர்களுக்குக் கொழும்பின் தேசிய ஆவணக் காப்பகம் இன்னும் வளமான இடம். தி ஹேக் தேசியக் காப்பகம் கம்பெனி ஆவணங்களின் படங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. குளோபலைஸ் என்னும் திட்டம் அவற்றில் சுமார் 50 லட்சம் பக்கங்களைக் கணினியால் வாசிக்கவைத்துச் சொல் தேடலுக்கு ஏற்றதாக ஆக்கியிருக்கிறது.

ஒரு பக்கத்தைத் திறந்துகொண்டு உட்காருங்கள். எழுத்துகள் சாய்ந்து பின்னிக் கிடக்கும். முதல் மணி நேரம் ஒரு சொல்லும் பிடிபடாது. ஆண்டைக் குறிக்கும் எண்களைத் தேடுங்கள், அடுத்து ஊர்ப் பெயர்களைத் தேடுங்கள். ‘துத்துகொரைன்’ என்று ஒரு வரி வாயில் உருண்டதும் அது தூத்துக்குடி என்று தமிழருக்கு உடனே பிடிபடும். ‘பலியகட்டா’ பழவேற்காடு, அதாவது கம்பெனி 1613இல் ஹெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்த ஊர். தெரிந்த பெயரில் இருக்கும் எழுத்துகளைத் தனித்தாளில் வரைந்து வைத்துக்கொண்டு, அவற்றைக்கொண்டு தெரியாத சொற்களைத் திறக்க வேண்டும். நான் அப்படித்தான் கற்றேன்; இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியவில்லை. கணினி வாசிப்பைத் தேடுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். மேற்கோள் காட்டும்போது படத்தை உங்கள் கண்ணால் படித்திருக்க வேண்டும், ஏனென்றால் ஆட்பெயர்களில்தான் கணினி அதிகமாகப் பிழை செய்கிறது.

தேவையான படங்களை உங்கள் கணினியிலும் சேமித்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, அது படமாக்கி வைத்திருந்த சுவடிகளை மாதக்கணக்கில் யாரும் பார்க்க முடியவில்லை. ஆய்வேட்டின் நடுவில் இருந்தவர்கள் மிகவும் அவதிப்பட்டார்கள்.

பணம்

உதவித்தொகையின் விதிகளைத் தலைப்பை முடிவு செய்வதற்கு முன்பே வாசியுங்கள். பட்டியல் சாதி மாணவர்கள் முதலியோருக்காக இந்தியச் சமூக நீதி அமைச்சகம் தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இடமில்லை என்று 2022இல் விதி மாற்றினார்கள். வெளிநாட்டு நூலகங்களில் தம் சமூகத்தின் வரலாற்றைத் தேட விரும்பும் மாணவருக்கு இது பெரிய அநீதி என்றே நான் கருதுகிறேன். அந்த உதவியை நம்பியிருப்பவர், வேறொரு ஆசிய நாட்டை மையமாகக் கொண்ட கேள்வியைத் தொடக்கத்திலேயே யோசித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தியரும் இலங்கையரும் விண்ணப்பிக்கக்கூடிய பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகை, ஓராண்டு முதுநிலைக்கானது. ஈராண்டுப் பணி அனுபவம் கேட்கிறது, படிப்பு முடிந்ததும் ஈராண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்கிறது. உடனே முனைவர் பட்டத்துக்குப் போக எண்ணுபவருக்கு அது பொருந்தாது. இந்தியாவிலேயே முனைவர் ஆய்வு செய்கிறவர்கள் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) நெட் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால், 2023 முதல் உள்ள விகிதப்படி மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். ஊரிலிருந்தே மொழி கற்க அது நல்ல வழி.

நெறியாளருக்கு எழுதும் கடிதம்

இந்தக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். முதல் பத்தியில் உங்கள் கேள்வி, இரண்டாவதில் நீங்கள் ஏற்கெனவே பார்த்த மூலமும் அதில் கண்ட ஒரு செய்தியும், மூன்றாவதில் எந்த மொழியை எந்த அளவுக்குப் படிக்க முடியும் என்ற உண்மையான கணக்கு. ‘மலாய் தெரியும்’ என்று எழுதுவதைவிட, ‘ரோமன் எழுத்தில் நாளிதழை அகராதியின் துணையுடன் படிக்கிறேன், ஜாவியில் ஒரு பக்கத்துக்கு நான்கு மணி நேரம் ஆகிறது’ என்று எழுதுவது பல மடங்கு மேல். அதைப் படிப்பவர் தாமும் அதே வழியில் வந்தவர் என்பதால் உங்களை நம்புவார். நெறியாளர்கள் விடுப்பிலும் களப்பணியிலும் இருப்பார்கள். செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கு முந்தைய அக்டோபரிலேயே எழுதுங்கள், மூன்று வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். பரிந்துரைக் கடிதம் தரும் ஆசிரியருக்கும் உங்கள் முன்மொழிவை அனுப்பி வையுங்கள்; ‘ஒழுக்கமும் திறமையும் உள்ள மாணவர்’ என்ற பொதுவான வரியால் எந்தப் பயனும் இல்லை.

ஆட்களிடம் பேசிச் செய்யும் கள ஆய்வு என்றால் காலக் கணக்கு இன்னும் இறுக்கமானது. பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழு ஒப்புதல் ஒரு பக்கம்; நாட்டின் அனுமதி மறுபக்கம். இந்தோனேசியாவில் வெளிநாட்டு ஆய்வாளர்கள் பிரின் என்னும் தேசிய ஆய்வு நிறுவனத்தின் அனுமதி பெற்ற பிறகே களத்தில் இறங்கலாம். சுற்றுலா விசாவில் சென்று பேட்டி எடுத்தால், உங்களோடு உங்களிடம் பேசியவர்களும் சிக்கலில் மாட்டுவார்கள்.

சேர்க்கைக் கடிதம் வந்துவிட்டதென்றால், விமானம் ஏறும் வரையுள்ள மாதங்களில் எழும்பூருக்கோ கொழும்புக்கோ சென்று, காப்பகத்தின் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, இரண்டு வாரமாவது கட்டுகளைப் பிரித்துப் படியுங்கள். பென்சிலும் கோடு போட்ட நோட்டும் போதும். ஒவ்வொரு நாளும் முடியும்போது கட்டின் எண், பக்க எண், தேதி, அன்று அடையாளம் கண்ட பெயர்கள் ஆகியவற்றை எழுதி வையுங்கள். முதல் வகுப்பில் உங்கள் ஆய்வைப் பற்றிப் பேசச் சொல்லும்போது அந்த நோட்டைத் திறந்து, அதிலிருந்தே பேசலாம்.