ஏஎஸ் எண்ணை வேறு பதிவகத்துக்கு மாற்றுவதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியஸில் இணைய நிறுவனம் நடத்தும் நம்மவர்கள் பாரிஸிலோ சிங்கப்பூரிலோ கிளை திறந்ததும், ‘நம் ஏஎஸ் எண்ணையும் அந்தப் பகுதியில் இணைய எண்களை வழங்கும் பதிவகத்துக்கு மாற்றிவிட வேண்டும்’ என்று நினைக்கிறார்கள். முதல் தவறு இதுதான். ஏஎஸ் எண் என்பது ஒரு வலையமைப்பை மற்ற வலையமைப்புகள் பிஜிபி என்ற வழித்தட நெறிமுறை வழியே அடையாளம் காணும் எண். ரூட்டருக்கு அது வெறும் எண் மட்டுமே. எந்தப் பதிவகம் கொடுத்தது என்று அது பார்ப்பதில்லை. ஆப்பிரிக்கப் பதிவகமான அஃப்ரினிக்கில் பெற்ற எண்ணையே பாரிஸில் உள்ள ரூட்டரிலும் இயக்கலாம். தாய் நிறுவனமும் வலையமைப்பும் இங்கேயே இருக்கும்போது, கிளைக்காக எண்ணை இடம்பெயர்ப்பது வீண் வேலை.

அடுத்த தவறு, மாற்றம் எல்லாத் திசையிலும் நடக்கும் என்று நம்புவது. உலகில் ஐந்து வட்டாரப் பதிவகங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏரின் (வட அமெரிக்கா), ரைப் என்சிசி (ஐரோப்பா), ஏப்னிக் (ஆசிய-பசிபிக்) ஆகிய மூன்றும் தங்களுக்குள் ஏஎஸ் எண்களை மாற்றிக்கொள்ள அனுமதிக்கின்றன. நம் எபேனில் தலைமையகம் கொண்ட அஃப்ரினிக்கில் அப்படிப்பட்ட கொள்கை நடைமுறைக்கு வரவில்லை. முன்மொழிவுகள் பல ஆண்டுகள் விவாதிக்கப்பட்டன, அவ்வளவுதான். 2023-இல் மொரீஷியஸ் உச்ச நீதிமன்றம் அதை நிர்வகிக்க ரிசீவர் என்ற அதிகாரியை நியமித்த பிறகு, கொள்கைப் பணிகள் வேகம் பிடிக்கும் சூழலும் இருக்கவில்லை. ஆகவே, ‘அஃப்ரினிக் எண்ணை ஐரோப்பாவுக்கு மாற்றித் தருகிறேன்’ என்று எந்தத் தரகராவது சொன்னால், முன்பணம் கொடுக்காதீர்கள். எந்த விதியின் கீழ் மாற்றுவார் என்று எழுத்தில் கேளுங்கள்.

நிறுவனமே வெளியேறுகிறது என்றால் நேர்மையான வழி, புதிய பதிவகத்தில் புதிய எண் பெற்று மெல்ல மாறுவது. பெரும்பாலான ரூட்டர்களில் லோக்கல்-ஏஎஸ் என்ற வசதி உண்டு. உள்ளே புதிய எண்ணுக்குப் போய்விட்டாலும், ஒவ்வோர் இணைப்புக்காரரும் தயாராகும் வரை அவருக்குப் பழைய எண்ணையே காட்ட அது உதவும். ஆனால் இங்கே ஒன்றை மறக்கக்கூடாது. ஐபி முகவரித் தொகுதியை எந்த எண் அறிவிக்கலாம் என்று ஆர்பிகேஐ என்ற சான்றளிப்பு முறையில் சான்று இருக்கும். புதிய எண்ணுக்கான சான்றை, அறிவிப்பு தொடங்குவதற்கு முன்பே உருவாக்கிவிட வேண்டும். ஒரே தொகுதிக்குப் பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் சான்று இருக்கலாம். மாறி முடியும் வரை இரண்டையும் வைத்திருங்கள்.

எண் மாறாமல் பதிவகம் மட்டும் மாறும் நிறுவனங்களுக்கு, சென்னைக் கிளையை ஏப்னிக்கிலிருந்து ரைப் என்சிசிக்குக் கொண்டுபோவது போன்ற நிலையில், ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எண் அப்படியே போகும். அதைச் சுற்றிய பதிவுகள் கூடவே போவதில்லை. உங்கள் வாடிக்கையாளர்களின் எண்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஏஎஸ்-செட்டைத்தான், உங்களுக்கு இணைப்புத் தரும் மேல்நிலை வழங்குநர்கள் தானியங்கியாகப் படித்து, எந்த வழித்தடங்களை ஏற்பது என்ற வடிகட்டியைத் தயாரிக்கிறார்கள். பழைய பதிவகத்தில் அது அழிந்து, புதியதில் இன்னும் உருவாகவில்லை என்றால், அடுத்த புதுப்பிப்பில் வடிகட்டி காலியாகிவிடும். உங்கள் வழியே வரும் சிறிய நிறுவனங்கள் இணையத்திலிருந்தே மறைந்துபோகும். அவர்கள் எந்தப் பிழையும் செய்யாதவர்கள் என்பதுதான் வேதனை.

எனவே மாற்றத்துக்கு முன்பே பழைய பதிவுகளை முழுவதும் பிரதி எடுத்து வையுங்கள். உங்கள் எண்ணின் கீழ் பெயரிட்ட ஏஎஸ்-செட், அந்த எண் புதிய தரவுத்தளத்தில் பதிவான பிறகே உருவாகும் என்பதால், அதே நாளில் அதைச் செய்ய ஆள் இருக்க வேண்டும். வலையமைப்புகள் தங்கள் விவரங்களை வெளியிடும் பீரிங்டிபி தளத்தின் உங்கள் பக்கத்தில் எந்தப் பதிவகத்தின் ஏஎஸ்-செட் என்பதையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். ஒரே பெயர் இரு இடங்களில் கிடந்தால் வழங்குநரின் மென்பொருள் பழையதை எடுத்துக்கொள்ளக்கூடும். வேலை நாளைத் தேர்ந்தெடுக்கும்போது இரு பக்க விடுமுறைகளையும் பாருங்கள். தைப்பூசக் காவடிக்கு நம் தீவு முழுவதும் விடுமுறை. வெளிநாட்டுப் பதிவகத்தாருக்கு அது சாதாரண வேலை நாள்.

ஆவணங்களில் நிறுவனத்தின் பெயர் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. நிறுவன இணைப்பு, பெயர் மாற்றம் நடந்திருந்தால் அந்தச் சான்றுகளை முதலில் பதிவகத்தில் சேர்த்துவிட்டு, பிறகு விண்ணப்பியுங்கள். 16 பிட் எண் (65,535-க்குள் வரும் பழைய வகை) என்றால் இன்னொரு கணக்கும் உண்டு: ரைப் என்சிசி வழியே அதைப் பெற்றால் 24 மாதங்களுக்கு மீண்டும் கைமாற்ற முடியாது.

எல்லாம் முடிந்த பிறகும் சில கருவிகள் பழைய பதிவகத்தையே காட்டும். உலக அளவில் இணைய எண்களைப் பகிர்ந்தளிக்கும் ஐயானா, எண்களைத் தொகுதிகளாகத்தான் பதிவகங்களுக்கு ஒதுக்குகிறது. 32 பிட் எண்களில் ஒரு தொகுதி 1024. தனி எண் ஒன்று இடம் மாறியதற்காக அந்த ஒதுக்கீட்டுப் பட்டியல் மாறாது. இதைக் கண்டு பதறி மறுபடி விண்ணப்பிக்காதீர்கள்; எண் யாருடையது என்று காட்டும், புதிய பதிவகத்தின் ஹூஇஸ் தேடலில் நேரடியாகப் பாருங்கள்.