மலையேறும் பத்மினிக்கு ஏன் மூச்சு முட்டுகிறது? திருப்புளியை எடுக்கும் முன்

குன்னூரில் பழைய வண்டி வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் மழையும் தேயிலை விலையும் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். அப்புறம் பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர்தான். "ஐடிலிங்ல நல்லாத்தான் நிக்குது அண்ணே, ஆக்சிலரேட்டரை மிதிச்சா ஒரு நொடி செத்துப்போயி அப்புறம்தான் எந்திரிக்குது." என் 1089 சிசி பிரீமியர் பத்மினி காருக்காக இதை நான் சொல்லிப் புலம்பாத மெக்கானிக் இல்லை.

மிதிக்கும்போது கார்புரேட்டரின் காற்றுப் பாதையை மூடியிருக்கும் பட்டர்ஃபிளை என்ற தகடு திறக்கிறது, காற்று சட்டென்று உள்ளே பாய்கிறது. பெட்ரோல் கனமானது, கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். அந்த இடைவெளியை அடைக்கத்தான் கார்புரேட்டரிலேயே ஆக்சிலரேட்டர் பம்ப் என்று ஒரு சின்ன ரப்பர் சவ்வு (டயாஃப்ரம்) வைத்திருக்கிறார்கள். மிதித்தவுடன் அது ஒரு மடக்குப் பெட்ரோலைப் பீச்சும். ஆகவே வண்டி சாகும் அந்த ஒரு நொடி பெரும்பாலும் பெட்ரோல் பற்றாத நொடி.

இது புரியாமல் நம் ஊரில் எல்லாரும் செய்வது, மலைமேல் பழியைப் போடுவது. ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியோடு ஒப்பிட்டால் அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோயம்புத்தூரில் செட் செய்த கார்புரேட்டர் அங்கே போனால் காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலைக் கொடுக்கும். பிளக் கறுக்கும், புகை வரும், ஏற்றத்தில் இழுவை குறையும். ஆனால் அது முழு நேரமும் இருக்கும் சோர்வு. மிதித்த நொடியில் வரும் திக்கல் வேறு வியாதி. இரண்டுக்கும் மருந்து நேர் எதிர்.

நான் இதில் மாட்டியிருக்கிறேன். கறுப்புப் புகை பொறுக்காமல் ஊட்டியில் ஒரு பட்டறையில் மெயின் ஜெட்டை, அதாவது பெட்ரோல் அளந்து வரும் ஓட்டையுள்ள பித்தளைத் துண்டை, சின்ன ஓட்டையுள்ளதாக மாற்றினேன். புகை போனது, நானும் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அடுத்த வாரம் பதினான்கு கொண்டை ஊசி வளைவும் இறங்கி மேட்டுப்பாளையம் தாண்டியதும் வண்டி பிச்சை எடுக்க ஆரம்பித்தது. ஒரு லாரியை முந்தக்கூட முடியவில்லை. கீழே காற்று அடர்த்தி, ஜெட்டில் பெட்ரோல் பற்றவில்லை. வண்டி வருஷம் முழுக்க ஊட்டியிலேயே கிடக்குமென்றால் ஜெட் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. மேலும் கீழும் போய்வருபவர்கள் பழைய ஜெட்டையே வைத்துக்கொண்டு மேலே கொஞ்சம் புகையைப் பொறுத்துக்கொள்வதுதான் சரி என்பேன்.

அடுத்த தவறு, காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்சர் ஸ்க்ரூவைத் திருகுவது. அது ஐடிலிங்குக்கு, அதாவது மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடுவதற்கு மட்டும் உள்ளது. மிதித்தால் வரும் திக்கலை அது தீர்க்காது. திருகியே ஆகவேண்டுமென்றால், முதலில் மெதுவாக மூடி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கி முடுக்கினால் ஊசி முனையில் தடம் விழும், அப்புறம் எந்த செட்டிங்கும் நிற்காது.

அதற்குப் பதில் முதலில் செய்ய வேண்டிய சோதனைக்குக் காசு ஆகாது. வண்டியைச் சற்று ஓட்டி, அணைத்து, சூடு தணிய விடுங்கள். ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடியுங்கள் (லைட்டர் வேண்டாம், இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது). ஆக்சிலரேட்டர் மிதியோடு இணைந்த த்ராட்டில் லீவரைக் கையால் இழுங்கள். லீவர் அசைந்த கணமே மெல்லிய கம்பி போல, அறுபடாமல் பெட்ரோல் பீச்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் முனை அடைத்திருக்கலாம். வரவே இல்லையென்றால் டயாஃப்ரம் கிழிந்திருக்கும், அல்லது உள்ளே வால்வாக இருக்கும் சின்ன உலோக உருண்டை ஒட்டிக்கொண்டிருக்கும்.

என் வண்டியில் நன்றாகத்தான் பீச்சியது, ஆனால் லீவர் கொஞ்சம் நகர்ந்த பிறகு. பம்ப் கையை இணைக்கும் பின் தேய்ந்து, ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தது. மிதியின் முதல் பகுதி அந்த ஆட்டத்திலேயே வீணாகிக்கொண்டிருந்தது. புதுப் பின்னும் ஒரு வாஷரும், ஒரு டீயும் வர்க்கியும் வாங்கும் காசு. இதைப் பார்க்காமல் அதற்குமுன் கார்புரேட்டரை மூன்று முறை இறக்கி ஏற்றியிருந்தோம்.

இறக்கினாலும் ஜெட்டுக்குள் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மிருது, ஓட்டை பெரிதானால் அது வேறு நம்பர் ஜெட். காற்றடித்தால் போதும். கிளீனர் ஸ்ப்ரே அடிக்கும்முன் ரப்பர் டயாஃப்ரத்தைக் கழற்றிவிடுங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது, ஈரத்தையும் இழுக்கும். மழைக்காலம் முழுக்க ஷெட்டில் நின்ற வண்டிக்கு ஹோஸையும் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுவது நல்லது.

மோரிஸ் மைனர் கார் வைத்திருப்பவர்களுக்கு: அதில் இருக்கும் எஸ்.யூ. ரகக் கார்புரேட்டரில் இந்தப் பம்ப்பே கிடையாது. மேல் மூடியைத் திறந்தால் உள்ளே அசைவை மட்டுப்படுத்தும் டேம்பர், அதற்கு ஆயில். ஆயில் வற்றினால் இதே திக்கல்தான். ஊற்றிப் பாருங்கள், பல நேரம் கதை அங்கேயே முடியும்.

தீப்பொறி தரும் பகுதியில் பாயிண்ட் இடைவெளி, கண்டன்சர், டைமிங், கார்புரேட்டரிலிருந்து என்ஜினுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டின் பேக்கிங்கில் காற்றுக் கசிவு இவையும் இதே மாதிரி நடிக்கும். கார்புரேட்டரை இறக்கும்முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, வண்டி நின்ற இடத்திலேயே டியூன் செய்யும் பழக்கம். வெயிலில் இரண்டாம் கியரிலேயே ஏறி, குன்னூர் மலைப்பாதையில் இருக்கும் பர்லியாரில் வண்டி திக்கினால், பெட்ரோல் லைனுக்குள் ஆவி கட்டியிருக்கலாம். உயரம் கூடக்கூட பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும். பெட்ரோல் பம்ப்பில் ஈரத்துணி சுற்றி ஆறவிட்டால் போதும். மார்கழிப் பனிமூட்டத்தில் நேர் எதிர்: பெட்ரோல் ஆவியாகும்போது வரும் குளிர்ச்சியில் கார்புரேட்டரின் கழுத்துக்குள்ளேயே ஈரம் பனிக்கட்டியாகிவிடும், வெளியே பத்து டிகிரி இருந்தாலும்கூட. வண்டி இருமி நிற்கும். பத்து நிமிடத்தில் என்ஜின் சூட்டிலேயே அது கரைந்துவிடும். மெக்கானிக் வந்து திறந்து பார்க்கும்போது உள்ளே ஒன்றும் இருக்காது, நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்.