பெயருக்கு பிரிட்டன், அளவுக்கு அமெரிக்கா: மருந்தையும் ரிப்போர்ட்டையும் இணையத்தில் தேடும் முறை

"சுகருக்கு நல்ல மாத்திரை எது" என்று கூகுளில் போட்டால் விளம்பரமும் லேகிய விற்பனையும்தான் முன்னால் வந்து நிற்கும். அதைத் தாண்டி நல்ல தளத்துக்கே போனாலும் பலர் இரண்டு இடத்தில் வழுக்குகிறார்கள்: மருந்தின் பெயர், அளவின் அலகு. அதனால் நோயின் பெயரைப் போட்டுத் தேடவே வேண்டாம். கையில் இருக்கும் மாத்திரை அட்டையிலிருந்து தொடங்குங்கள்.

படி 1: அட்டையின் பின்புறம்

பெரிய எழுத்தில் கண்ணைப் பறிப்பது கம்பெனி வைத்த பெயர். உங்களுக்கு வேண்டியது உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும். கம்பெனிப் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தை விட்டுவிடாதீர்கள். 'எம்' என்றால் பெரும்பாலும் மெட்ஃபார்மின் என்ற சுகர் மருந்து சேர்ந்திருக்கும். 'ஏஎம்' என்றால் அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்து. 'எஸ்ஆர்', 'எக்ஸ்ஆர்' என்றிருந்தால் மருந்து மெதுவாகக் கரையும் வகை. அதை நசுக்கியோ மென்றோ விழுங்கக் கூடாது.

மருந்துக்கடையில் நாலு மாத்திரை மட்டும் வெட்டித் தரும்போது பெயர் இருக்கும் பாகம் கடையிலேயே தங்கிவிடும். வெட்டுவதற்கு முன் முழு அட்டையை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: எந்தத் தளம்

என் தேர்வு இரண்டே இரண்டு. பிரிட்டன் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். தளம் ஒன்று, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் மெட்லைன்பிளஸ் இன்னொன்று. மருந்தின் பெயருக்கு முதலில் என்.எச்.எஸ். போங்கள், ஏனென்றால் நம் ஊர் அட்டையில் இருப்பது பிரிட்டன் வழக்குப் பெயர். பாரசிட்டமாலை அமெரிக்கர்கள் அசிட்டமினோஃபென் என்பார்கள், சால்பூட்டமாலை அல்ப்யூட்டரால் என்பார்கள், கிளிபென்கிளமைடை கிளைபுரைடு என்பார்கள். பெயர் மாறுவது தெரியாமல், "இது வேறு மருந்துதானே" என்று இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டால் ஆபத்து. பெரியவர்களுக்கு பாரசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. 650 மி.கி. மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிவிடும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதே பாரசிட்டமால் ஒளிந்திருக்கும்.

ஒரு தளத்துக்குள் மட்டும் தேட, கூகுளில் ஆங்கிலத்தில் 'சைட்' (site) என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தளத்தின் முகவரியைச் சேருங்கள். மருந்தின் பெயர் அதற்குப் பிறகு, ஓர் இடைவெளி விட்டு. முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விழுந்தால் கூகுள் அதைச் சாதாரணச் சொல்லாக எடுத்துக்கொண்டு எல்லாத் தளத்தையும் கொண்டுவந்து கொட்டும்.

பக்கத்தைத் திறந்ததும் அடிப்பகுதிக்குப் போய் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்ற தேதியைப் பாருங்கள். மருத்துவத் தளங்களுக்கு நம்பகச் சான்றாகத் தரப்பட்ட 'ஹான்கோட்' முத்திரையைப் பார்த்து நம்பும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதை வழங்கிய அமைப்பு 2022-லேயே மூடப்பட்டுவிட்டது.

படி 3: ரிப்போர்ட்டில் அலகு

எல்லோரும் சறுக்கும் இடம் இது. இங்கே கதை தலைகீழ்: நம் லேப்கள் எழுதுவது அமெரிக்கர்களைப் போல மி.கி./டெசிலிட்டர், என்.எச்.எஸ். எழுதுவது மில்லிமோல்/லிட்டர். வெறும் வயிற்றில் சுகர் 126 என்ற ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு "7-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய்" என்ற வரியைப் படித்தால் தூக்கம் போய்விடும். இரண்டும் ஒரே அளவுதான்.

சுகருக்கு மில்லிமோலை 18-ஆல் பெருக்குங்கள். கொலஸ்ட்ராலுக்கு 38.7. டிரைகிளிசரைடுக்கு 88.6, இதற்கும் 38.7 போட்டுவிட்டு "பாதிக்கு மேல் குறைந்துவிட்டதே" என்று மகிழ்ந்துவிடாதீர்கள். கிரியாட்டினின் அங்கே மைக்ரோமோலில் வரும், அதை 88.4-ஆல் வகுக்க வேண்டும். மூன்று மாத சராசரியான எச்பிஏ1சி-க்கு இந்தப் பெருக்கல் எதுவும் ஒத்துவராது. நம்முடைய 6.5 சதவீதம் அங்கே 48 மில்லிமோல்/மோல்.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு ரிப்போர்ட் அனுப்பினால் அலகையும் சேர்த்து அனுப்புங்கள். அவர்கள் பழகியது மில்லிமோல்.

படி 4: "பாகற்காய் ஜூஸ் குடித்தால் போதும்"

நாட்டு மருந்துக்குத் தாவரவியல் பெயரில் தேடுங்கள். பாகற்காய்க்கு மோமோர்டிகா சரன்ஷியா. அந்தப் பெயரோடு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் அமைப்பான 'காக்ரேன்' பெயரையும் சேர்த்தால் 2012-இல் வந்த ஆய்வுத் தொகுப்பு கிடைக்கும். நான்கு ஆய்வுகள், 479 பேர், அதிகபட்சம் மூன்று மாதம். இரண்டாம் வகை நீரிழிவுக்குப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பது முடிவு. காக்ரேனின் எளிய சுருக்கங்கள் சில தமிழிலும் உண்டு.

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்துக்குப் போனால் இடப்பக்க வடிகட்டியில் 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ'வை (பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் தொகுப்பு) டிக் செய்யுங்கள். செய்யாவிட்டால் எலிக்குக் கொடுத்துப் பார்த்ததெல்லாம் வந்து குவியும். பப்மெட்டில் இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது, அது ஒரு பட்டியல்தான். தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லாவுக்கான எம்எம்ஆர் தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று கிளப்பிய, 'லான்செட்' மருத்துவ இதழின் 1998-ஆம் ஆண்டு கட்டுரை 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. இன்றும் அங்கே 'ரிட்ராக்டட்' என்ற குறிப்போடு கிடக்கிறது. அந்தக் குறிப்பு இருந்தால் மேலே படிக்க வேண்டாம்.

"சர்க்கரை நோய் நிரந்தரமாகக் குணமாகும்" என்ற விளம்பரத்துக்கு இவ்வளவு மெனக்கெடவே தேவையில்லை. 1954-ஆம் ஆண்டு மருந்து, மந்திர சிகிச்சை விளம்பரச் சட்டம் தடை செய்த பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது. விளம்பரமே சட்டவிரோதம்.

பிற்சேர்க்கை: கூகுளின் ஏஐ பதில்

தேடலுக்கு மேலே தானாக வரும் சுருக்கத்திலும் இதே அலகுக் குழப்பம் வரலாம். அதில் இருக்கும் இணைப்பைத் திறந்து, அந்த எண் மூலப்பக்கத்தில் எந்த அலகோடு இருக்கிறது என்று பாருங்கள். எண் மட்டும் இருந்து அலகு இல்லையென்றால் அதை விட்டுவிட்டு படி 2-க்குத் திரும்புங்கள். மாத்திரையை நிறுத்துவது, கூட்டுவது எதுவானாலும் டாக்டரிடம் கேட்ட பிறகுதான். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் 104-க்கு அழைத்து மருத்துவ ஆலோசனை கேட்கலாம். அட்டையின் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.