ஜாவாவில் ஆட்டோகமிட்டை அணைத்து வேலை செய்வது எப்படி?

ஜேடிபிசி (ஜாவா டேட்டாபேஸோடு பேசும் வழி) வழியாகத் திறக்கும் புதிய கனெக்‌ஷனில் ஆட்டோகமிட் ஆன் ஆகத்தான் இருக்கும். ஒவ்வொரு குவெரியும் ஓடி முடிந்த உடனே நிரந்தரமாகப் பதிந்துவிடும். நீங்கள் எழுதுவது ஒரே ஒரு இன்சர்ட் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

பஸ் டிக்கெட் பதிவை எடுத்துக்கொள்வோம். சீட் டேபிளில் 14-ஆம் சீட்டை 'எடுத்தாச்சு' என்று மாற்ற வேண்டும். அப்புறம் டிக்கெட் டேபிளில் பயணியைச் சேர்க்க வேண்டும். இரண்டாவது தோற்றால் சீட் போய்விடும், டிக்கெட் யாரிடமும் இருக்காது. அதனால் இரண்டும் சேர்ந்து பதிய வேண்டும், இல்லையென்றால் எதுவுமே பதியக் கூடாது. இப்படிச் சேர்ந்த வேலைதான் டிரான்சாக்‌ஷன்; அதற்குத்தான் ஆட்டோகமிட்டை அணைக்கிறோம்.

படி 1: மைஎஸ்கியூஎல் என்றால் டேபிளின் எஞ்சினை (டேட்டாவைச் சேமிக்கும் பகுதி) பாருங்கள். இன்னோடிபி சரி. பழைய மைஐசாம் என்றால் ரோல்பேக் (பதியாத வேலையை ரத்து செய்வது) எதையும் திருப்பாது, கீழே உள்ளது எல்லாம் வீண்.

படி 2: கனெக்‌ஷனை வாங்கியதும் செட்ஆட்டோகமிட் மெத்தடுக்கு ஃபால்ஸ் கொடுங்கள்.

படி 3: ட்ரை பகுதிக்குள் இரண்டு குவெரியையும் ஓட்டி, கடைசியில் கமிட்டை அழையுங்கள்; அப்போதுதான் இரண்டும் நிரந்தரமாகப் பதியும்.

படி 4: கேட்ச் பகுதியில் ரோல்பேக். ஃபைனலியில் ஆட்டோகமிட்டை மறுபடி ட்ரூ ஆக்கிவிட்டு, கனெக்‌ஷனை மூடுங்கள்.

இந்த நாலாவது படியில் ஒரு பொறி இருக்கிறது. டிரான்சாக்‌ஷன் பாதியில் இருக்கும்போது ஆட்டோகமிட்டை ட்ரூ ஆக்கினால், அதுவரை செய்தது கமிட் ஆகிவிடும். ஜேடிபிசி விதியே அப்படித்தான். இப்போது, கேட்சில் எஸ்கியூஎல்எக்செப்ஷனை மட்டும் பிடித்திருக்கிறீர்கள், நடுவில் ஒரு நல்பாயின்டர் எக்செப்ஷன் வருகிறது என்று வையுங்கள். ரோல்பேக் ஓடாது, ஃபைனலி ஓடும், பாதி வேலை ஜம்மென்று பதிந்துவிடும்! அதனால் எக்செப்ஷன் எதுவானாலும் பிடித்து, ரோல்பேக் செய்து, மேலே எறிந்துவிடுங்கள்.

ஹிகாரிசிபி மாதிரி கனெக்‌ஷன் பூல் (திறந்த கனெக்‌ஷன்களை வைத்திருந்து மறுபடி மறுபடி கொடுப்பது) இருந்தால், திரும்பி வரும் கனெக்‌ஷனின் ஆட்டோகமிட்டை அதுவே பழைய நிலைக்கு மாற்றிவிடும். அதை நம்பி ரோல்பேக்கை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று: மைஎஸ்கியூஎல்லில் டிரான்சாக்‌ஷனுக்கு நடுவே ஆல்டர் டேபிள் ஓட்டினால், முன்னால் செய்தது எல்லாம் சொல்லாமலே கமிட் ஆகும். போஸ்ட்கிரெஸில் இந்தத் தொல்லை இல்லை.

படி 5: சோதித்துப் பாருங்கள். இரண்டு குவெரிக்கும் நடுவில் வேண்டுமென்றே ஒரு ரன்டைம்எக்செப்ஷனை எறிந்துவிட்டு, வேறொரு கனெக்‌ஷனில் சீட் டேபிளைத் திறங்கள். 14-ஆம் சீட் காலியாக இருந்தால் சரி. இல்லையென்றால் முதலில் கேட்ச் பகுதியைப் பாருங்கள்.