சிறிய நிதி ஆலோசனை நிறுவனத்தின் பங்கை வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிதி ஆலோசனை நிறுவனமான ஆனந்த் ரதி வெல்த் 2021 டிசம்பரில் பங்கு ஒன்று 550 ரூபாய் என்ற விலையில் ஐபிஓ (முதல் பொதுப் பங்கு வெளியீடு) வந்தது. புரூடென்ட் கார்ப்பரேட் அட்வைசரி 2022 மே மாதம் 630 ரூபாய்க்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் இரண்டுமே பல மடங்கு ஏறின. அதைப் பார்த்தவர்கள் இப்போது இதே தொழிலில் இருக்கும் சின்ன நிறுவனங்களைத் தேடிப் போகிறார்கள். எஸ்எம்இ சந்தையில் (சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான பங்குச் சந்தைப் பிரிவு) வருகிற புதிய வெளியீடுகள், பட்டியலிடப்படாத பங்குகள் என்று எங்கே கிடைத்தாலும் வாங்கிப் போடும் ஆர்வம் தெரிகிறது.

தேடுவதில் தப்பில்லை. இந்தத் தொழிலுக்கு இயந்திரம் வேண்டாம், கிடங்கு வேண்டாம், சரக்கு தேங்காது. நன்றாக நடக்கும் நிறுவனத்தில் போட்ட முதலுக்குக் கிடைக்கும் வருமானம் மற்ற பல தொழில்களைவிட அதிகம். ஆனால் இங்கே நிறுவனத்துக்குச் சொந்தமாகச் சொத்து என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஊரார் பணத்தின் மேல் வரும் சிறு பங்குதான் வருமானம். அந்தப் பணம் எப்போது வேண்டுமானாலும் இடம் மாறலாம். வருமானம் எங்கிருந்து வருகிறது, அது யாரை நம்பி நிற்கிறது என்ற இரண்டையும் பார்க்காமல் வாங்குவதிலிருந்துதான் மற்றத் தவறுகள் எல்லாம் கிளைக்கின்றன.

பெயரை வைத்தே தொழிலை முடிவு செய்வது

பெயரில் 'அட்வைசரி' என்றோ 'வெல்த்' என்றோ இருந்தால் ஆலோசனைக் கட்டணம்தான் வருமானம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். நடைமுறை வேறு. இந்தியாவில் இந்தத் துறையின் பல நிறுவனங்களுக்கு முக்கிய வருமானம் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகத்தில் வரும் கமிஷன். மேலே சொன்ன புரூடென்ட்டின் முக்கிய வருமானமும் அதுதான்.

பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியிடம் முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்தவரின் எண் ஐஎன்ஏ (INA) என்று தொடங்கும். வாடிக்கையாளருக்காக முதலீட்டை நிர்வகிக்கும் போர்ட்ஃபோலியோ மேலாளர் என்றால் ஐஎன்பி (INP). மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தருக்கு ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி தரும் ஏஆர்என் எண் இருக்கும். நிறுவனம் எந்த எண்ணை வைத்துச் சம்பாதிக்கிறது என்று முதலில் பாருங்கள். செபி, ஆம்ஃபி இணையதளங்களில் ஐந்து நிமிட வேலை.

இது ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொன்றுக்கும் வருமானக் கூரை வேறு. கட்டணம் வாங்கும் ஆலோசகர், நிலையான கட்டண முறையில் ஒரு குடும்பத்திடம் ஆண்டுக்கு 1,51,000 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது. ஆலோசனைக்கு உட்பட்ட சொத்தின் மீது சதவீதமாக வாங்கினால் ஆண்டுக்கு 2.5 சதவீதம்தான் உச்சம். 300 குடும்பங்கள் உள்ள நிறுவனம் ஒவ்வொருவரிடமும் உச்ச நிலையான கட்டணத்தையே வாங்கினாலும் வருமானம் 4.53 கோடியைத் தாண்டாது. அப்படிப்பட்ட நிறுவனத்துக்கு 200 கோடி மதிப்பு கேட்டால் அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். ஒரே வாடிக்கையாளருக்கு ஆலோசனைக் கட்டணம், விநியோகக் கமிஷன் இரண்டையும் வாங்க முடியாது என்ற விதியும் இருக்கிறது.

ஏறும் சந்தையின் லாபத்தை நிரந்தர லாபம் என்று எண்ணுவது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும்.

வாடிக்கையாளர்களின் பணம் 600 கோடி ரூபாய் ஒரு நிறுவனத்தின் வழியாக பங்குகளில் முதலிடும் ஈக்விட்டி ஃபண்டுகளில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வரும் டிரெயில் கமிஷன் (பணம் ஃபண்டில் இருக்கும்வரை தொடர்ந்து கிடைக்கும் கமிஷன்) ஆண்டுக்கு 0.75 சதவீதம். ஆண்டு வருமானம் 4.5 கோடி. சம்பளம், வாடகை, மென்பொருள் எல்லாம் சேர்த்துச் செலவு 3 கோடி. வரிக்கு முந்தைய லாபம் 1.5 கோடி.

சந்தை 25 சதவீதம் ஏறுகிறது. ஒரு புதிய வாடிக்கையாளர்கூட வரவில்லை. ஆனாலும் 600 கோடி 750 கோடியாகிவிடும். வருமானம் 5.62 கோடி. செலவு அதே 3 கோடி. லாபம் 2.62 கோடி, அதாவது 75 சதவீத வளர்ச்சி. இந்த எண்தான் விளம்பரத்தில் வரும். இந்த லாபத்துக்கு 40 மடங்கு கொடுத்து வாங்கினால் நிறுவனத்தின் மதிப்பு சுமார் 105 கோடி.

அப்புறம் சந்தை பழைய இடத்துக்கே திரும்புகிறது. லாபம் மறுபடி 1.5 கோடி. நீங்கள் கொடுத்த விலை இப்போது லாபத்தைப் போல 70 மடங்கு. அங்கிருந்து இன்னும் 25 சதவீதம் இறங்கினால் வருமானம் 3.37 கோடி, லாபம் 37 லட்சம். 2020 ஜனவரியில் 12,400-ஐத் தாண்டியிருந்த நிஃப்டி, மார்ச் 24 அன்று 7,511 வரை இறங்கியது. இரண்டே மாதத்தில் அப்படி நடந்த சந்தையில் 25 சதவீத இறக்கம் கற்பனை இல்லை.

வருமானத்தின் பெரும்பகுதியைத் துணை விநியோகஸ்தர்களுக்குக் கொடுத்துவிடும் நிறுவனங்களில் இந்த ஆட்டம் கொஞ்சம் குறையும். வருமானம் குறைந்தால் அவர்களுக்குப் போகும் பங்கும் குறைவதுதான் காரணம். எஸ்ஐபி வழியாக மாதாமாதம் பணம் வந்துகொண்டிருந்தாலும் தாங்கும். எனவே மொத்தச் சொத்து எவ்வளவு வளர்ந்தது என்று மட்டும் பார்க்காதீர்கள். அதில் எவ்வளவு சந்தை ஏறியதால் வந்தது, எவ்வளவு புதிதாக வந்த பணம் என்று பிரித்துப் பாருங்கள். நிறுவனம் அந்தப் பிரிவைச் சொல்லாவிட்டால், எஸ்ஐபி மாதத் தொகையை 12-ஆல் பெருக்கி ஒரு தோராயக் கணக்குக்கு வரலாம். என் பார்வையில், சந்தை சும்மா கிடந்த ஓர் ஆண்டில் அந்த நிறுவனம் என்ன செய்தது என்பதே அதன் உண்மையான மதிப்பெண்.

ஒரு சுற்றறிக்கையில் வருமானம் மாறும் என்பதை மறப்பது

2009 ஆகஸ்ட் 1 வரை முதலீட்டாளரிடமிருந்து ஈக்விட்டி ஃபண்டில் 2.25 சதவீதம் வரை நுழைவுக் கட்டணம் பிடித்தார்கள். அன்றோடு செபி அதை நிறுத்தியது. 2013 ஜனவரியில் விநியோகஸ்தரே தேவையில்லாத டைரக்ட் பிளான் வந்தது. 2018 அக்டோபரில் முன்கூட்டிய கமிஷன் போய், முழுக்க டிரெயில் முறை ஆனது. ஃபண்ட் கட்டண வரம்புகளும் அவ்வப்போது மாறி வருகின்றன. காப்பீட்டிலும் இதே கதைதான்: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி நீங்கியபோது, தங்கள் செலவுகளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகை போன சுமையைச் சில காப்பீட்டு நிறுவனங்கள் கமிஷனில் கழித்தன.

ஒவ்வொரு மாற்றமும் முதலீட்டாளருக்கு நல்லது, பங்குதாரருக்குச் செலவு. ஒரே வழியில் வருமானம் வரும் சின்ன நிறுவனத்துக்கு இது பெரிய அடி. பெரிய நிறுவனம் அளவை வைத்துச் சமாளித்துவிடும்.

வாடிக்கையாளர் யாருடையவர் என்று கேட்காமல் விடுவது

மதுரையிலோ கோவையிலோ முப்பது ஆண்டுகளாக ஒருவர் இந்தத் தொழிலைச் செய்கிறார் என்றால், மக்கள் பணம் கொடுப்பது அவரை நம்பித்தான். கம்பெனிப் பெயர்ப்பலகை அவர்களுக்கு முக்கியமில்லை. அவருக்கு 64 வயது, அடுத்து நடத்த ஆள் இல்லை என்றால் நீங்கள் வாங்குவது எதை? நிறுவனம் வளர்ந்து பத்து உறவு மேலாளர்கள் இருந்தாலும் கேள்வி தீராது. பெரிய பணக்காரக் குடும்பங்களைக் கவனிக்கும் மேலாளர் வேலை மாறினால், குடும்பங்களும் பின்னாலேயே போவது இந்தத் தொழிலில் சகஜம்.

முதல் பத்து வாடிக்கையாளர்களிடமிருந்து எத்தனை சதவீத வருமானம் வருகிறது என்பது எஸ்எம்இ வெளியீட்டு ஆவணத்தில் இடர்க்காரணிகள் பகுதியில் பெரும்பாலும் இருக்கும். சில்லறை வாடிக்கையாளர்கள் ஐயாயிரம் பேர் உள்ள நிறுவனமும், நாற்பது குடும்பங்களை வைத்து நடக்கும் நிறுவனமும் ஒரே லாபம் காட்டினால் முதலாவதற்கே அதிக விலை கொடுக்கலாம்.

லாப எண்ணோடு நின்றுவிடுவது

ஆண்டறிக்கையின் பின்பக்கங்களில் இருக்கும் குறிப்புகளைப் படிக்காமல் இந்தத் துறைப் பங்கை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்.

முதலாவது, லாபத்துக்குள் ஒளிந்திருக்கும் சொந்த முதலீட்டு லாபம். சின்ன ஆலோசனை நிறுவனங்கள் மிச்சப் பணத்தைப் பங்குகளிலும் ஃபண்டுகளிலும் போட்டு வைக்கும். சந்தை ஏறும்போது விற்று எடுத்த லாபமும், சில கணக்கு முறைகளில் விற்காமலே வந்த மதிப்பு உயர்வும் லாபக் கணக்கில் சேரும். 6 கோடி லாபத்தில் 3.5 கோடி இப்படி வந்தது என்றால், தொழிலின் லாபம் 2.5 கோடிதான். சொந்த முதலீட்டுக்கு அதன் சந்தை மதிப்பு போதும். அதற்கு 30 மடங்கு கொடுப்பது வீண்.

இரண்டாவது, வரவேண்டிய பாக்கி. ஃபண்ட் நிறுவனங்கள் டிரெயில் கமிஷனை மாதாமாதம் கொடுத்துவிடும். ஆண்டுக்கு 12 கோடி கமிஷன் வாங்கும் நிறுவனத்துக்கு மார்ச் 31 அன்று ஒரு கோடி, மிஞ்சினால் ஒன்றரைக் கோடி பாக்கி இருக்கலாம். 5 கோடி பாக்கி காட்டினால் அது வேறெங்கிருந்தோ வரவேண்டிய பணம். பாக்கி எத்தனை மாதமாக நிற்கிறது என்ற அட்டவணையும் குறிப்பிலேயே இருக்கும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட கட்டத்தில் தொகை கூடிக்கொண்டே போனால், அந்த வருமானம் காகிதத்தில் மட்டும் இருக்க வாய்ப்பு உண்டு.

மூன்றாவது, உறவினர் பரிவர்த்தனைகள். வாடிக்கையாளர் ஒருவர்தான், ஆனால் ஃபண்ட் கமிஷன் நிறுவனத்துக்கும், காப்பீட்டுக் கமிஷன் நிறுவனத்தைத் தொடங்கி நடத்தும் புரமோட்டரின் மனைவி பெயரிலுள்ள ஏஜென்சிக்கும் போகலாம். அலுவலகக் கட்டடம் தம்பியுடையதாக இருந்து வாடகை ஆண்டுக்கு ஆண்டு ஏறலாம். குடும்பத்தின் வேறொரு கம்பெனிக்கு நிறுவனம் கடன் கொடுத்திருக்கலாம். சட்டப்படி தப்பில்லாமலே உங்கள் பங்குக்கு வரவேண்டியது வழியில் கசிந்துவிடும்.

பணம் எதற்கு என்று கேட்காமல் ஐபிஓவுக்கு விண்ணப்பிப்பது

இயந்திரம் தேவையில்லை, கமிஷன் மாதாமாதம் வருகிறது என்றால் 30 கோடி ரூபாய் எதற்கு? 'நடைமுறை மூலதனம்' என்று பதில் இருந்தால் இந்தத் தொழிலில் அது பொருந்தாது. வேறு சிறு விநியோகஸ்தர்களின் தொழிலை விலைக்கு வாங்க, கிளைகள் திறக்க என்றால் புரிகிறது. அப்போதும் என்ன விலைக்கு வாங்கப் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

எஸ்எம்இ வெளியீடுகளில் செபி 2025-ல் விதிகளை இறுக்கியிருக்கிறது. முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டிலாவது தலா ஒரு கோடி செயல்பாட்டு லாபம் வேண்டும். பழைய பங்குதாரர்கள் விற்பது வெளியீட்டில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 'பொதுவான நிறுவனத் தேவைகள்' என்ற பெயரில் ஒதுக்குவது 15 சதவீதம் அல்லது 10 கோடி, எது குறைவோ அதற்குள். சிறு முதலீட்டாளரின் குறைந்தபட்ச விண்ணப்பத் தொகையும் 2 லட்சத்துக்கு மேல் போய்விட்டது. விதி இறுகியதால் எல்லா வெளியீடும் தரமாகிவிடாது. 2024 ஆகஸ்டில் செபியே எஸ்எம்இ பங்குகளைப் பற்றி எச்சரித்தது. மிகையான அறிவிப்புகளை வெளியிட்டு விலையை ஏற்றிவிட்டு, அந்த விலையில் புரமோட்டர்கள் விற்று வெளியேறுகிறார்கள் என்பதுதான் அதன் சாரம். பட்டியலிடும் முன்பே சந்தைக்கு வெளியே பேசப்படும் கிரே மார்க்கெட் விலையை வைத்து முடிவெடுப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கையே போதும்.

விற்கும்போது வரும் சிக்கலை வாங்கும்போதே நினைக்க வேண்டும். எஸ்எம்இ பங்குகள் லாட் கணக்கில்தான் (குறிப்பிட்ட எண்ணிக்கைப் பங்குகள் கொண்ட கட்டுகளாக) கைமாறும். மூன்று ஆண்டுகளுக்குச் சந்தை உருவாக்குநர் ஒருவர் வாங்கும் விலையும் விற்கும் விலையும் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் எல்லாரும் ஒரே நாளில் விற்க வந்தால் அவர் வாங்கும் ஒன்றிரண்டு லாட் எந்த மூலைக்கு? முடிவுகளும் பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். சந்தை மார்ச்சில் விழுந்தால் நிறுவனத்துக்கு என்ன ஆனது என்பது பல மாதம் கழித்துத்தான் தெரியும்.

தன் ஆலோசகரின் பங்கை அவர் சொல்லியே வாங்குவது

"சார், நம்ம கம்பெனி அடுத்த வருஷம் லிஸ்ட் ஆகப் போகுது. பழைய கிளையன்ட் என்பதால் உங்களுக்கு முதலில் சொல்கிறேன்" என்று பட்டியலிடப்படாத பங்கை நீட்டுவார்கள். பல ஆண்டு பழக்கம். மறுக்க மனம் வராது.

ஆனால் இங்கே ஆலோசனை சொல்பவரும் விற்பவரும் ஒருவரே. உங்கள் ஃபண்டைத் தேர்ந்தெடுத்தபோது இருந்த நடுநிலையை இந்த விஷயத்தில் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. நிறுவனச் சட்டப்படி தனிப்பட்ட ஒதுக்கீட்டில் ஒரு நிதியாண்டில், தகுதிபெற்ற நிறுவன முதலீட்டாளர்களையும் ஊழியர் பங்குத் திட்டத்தையும் தவிர்த்து, 200 பேருக்கு மேல் பங்கு வழங்க அழைக்க முடியாது. எத்தனை வாடிக்கையாளர்களிடம் இதையே சொன்னார் என்று விசாரியுங்கள். பிரைவேட் லிமிடெட் என்றால், நீங்கள் விரும்பியவருக்கு விற்பதை நிறுவனத்தின் விதிமுறை ஆவணம் (ஆர்ட்டிகிள்ஸ் ஆஃப் அசோசியேஷன்) தடுக்கலாம். வாங்கும்முன் அதன் நகலைக் கேளுங்கள். விற்று லாபம் வந்தாலும் பட்டியலிடப்படாத பங்குக்கு நீண்டகால வரி விகிதம் கிடைக்க 24 மாதம் வைத்திருக்க வேண்டும், பட்டியலிட்டதற்கு 12 மாதம் போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் ஃபண்டுகள் அவர் வழியாக இருக்கின்றன, இப்போது பங்கும் அவருடையதே. அந்த நிறுவனத்தின் சேவை மோசமானால் ஃபண்டுகளை வேறிடத்துக்கு மாற்றத்தான் நினைப்பீர்கள். பங்குதாரராக இருந்தால் அப்படி மாற்றும்போது உங்கள் பங்கின் மதிப்பை நீங்களே குறைக்கிறீர்கள் என்ற தயக்கம் வரும். வாடிக்கையாளராக உங்களுக்கு இருந்த ஒரே பலம் விலகிப் போகும் உரிமைதான். அந்த உரிமையை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், "சார், ஐபிஓ வரட்டும், ஆவணத்தைப் படித்துவிட்டு விண்ணப்பிக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். நல்ல நிறுவனமாக இருந்தால் அந்தப் பங்கு அப்போதும் கிடைக்கும்.