தேய்ந்த பல்லும் பொய் சொல்லும் அட்டவணையும்

பழைய மனித இனங்களை அடையாளம் காணப் பற்களை அளக்கிறோம்; அதற்குக் காலிப்பர் என்ற அளவுகருவியைப் பிடிக்கச் சேலத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தருவது சிரமமில்லை. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்குக் கை இயல்பாகவே நிதானம். பூஜ்ஜியத்தைச் சரிபார், பல்லைக் கீறாதே என்பதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு நடக்கும் தவறுகள்தான் ஆண்டுதோறும் திரும்பி வருகின்றன.

தேய்மானத்தைக் குறிக்காமல் நீளத்தை எழுதுவது

கடைவாய்ப்பல்லுக்கு முக்கியமாக இரண்டு அளவுகள்: பல்வரிசையின் போக்கில் நீளம், கன்னப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கம்வரை அகலம். மெல்லும்போது பற்கள் லேசாக அசைந்து ஒன்றையொன்று உரசுகின்றன. தொடும் இடத்தில் எனாமல் தேய்கிறது. பற்கள் மெல்ல முன்னால் நகர்ந்து இடைவெளியை அடைத்துவிடுவதால் பல் தேய்ந்து குறைந்தது கண்ணில் படாது. அடி வாங்குவது நீளம்தான். அகலம் பெரும்பாலும் தப்பிவிடும்.

ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கி வரும் மாணவி ஒருவர், முதியவர் ஒருவரின் தாடை வார்ப்பை அளந்துவிட்டு, "சார், மூன்றாம் கடைவாய்ப்பல்தான் பெரியது. இது பழைய இனம்" என்று அட்டவணையோடு வந்து நின்றார். வாதத்தில் சாரம் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் ரைசிங் ஸ்டார் குகையில் கிடைத்து 2015-இல் அறிவிக்கப்பட்ட ஹோமோ நலேடி என்ற அழிந்த மனித இனத்தின் கடைவாய்ப்பற்கள் பின்னால் போகப் போகப் பெரிதாகின்றன. நம்மில் பெரும்பாலும் முதலாவதே பெரியது. ஆனால் அவர் அளந்தது நம் இனத்துத் தாடை! முதல் கடைவாய்ப்பல் 6 வயதுவாக்கில் முளைக்கிறது, மூன்றாவது 17 வயதுக்கு மேல். முதலாவது அத்தனை ஆண்டுகள் கூடுதலாக உழைத்தது; முன்னும் பின்னும் உரசித் தேய்ந்தது. மூன்றாவதற்குப் பின்னால் உரசப் பல்லே இல்லை. கடுமையாகத் தேய்ந்த தாடையில் அளவு வரிசையே புரண்டுவிடும்.

புதைபடிவங்களில் இது இன்னும் ஆபத்து. ஒரே இனத்தின் இளையவரும் முதியவரும் வரைபடத்தில் இரண்டு இனங்களாகப் பிரிந்து நிற்பார்கள்.

தாடையில் பதிந்த பல்லை மேலிருந்து பாருங்கள். புள்ளியாகத் தொட வேண்டிய இரு பற்கள் நேர்கோடாக ஒட்டியிருந்தால் தேய்மானம் உண்டு. அதை அட்டவணையில் தனி நெடுவரிசையில் குறியுங்கள். இழந்ததை மதிப்பிட்டுச் சேர்த்தால் அளந்த எண், திருத்திய எண் இரண்டையும் கொடுங்கள். மோசமாகத் தேய்ந்திருந்தால் அகலத்தை மட்டும் ஒப்பிடுங்கள். திருத்திய எண்ணை மட்டும் எழுதிவிட்டு வாய்மூடி இருப்பவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். அந்த அட்டவணையை இன்னொருவர் எடுத்தாள்வார், அவரிடமிருந்து மற்றொருவர். எது பல், எது ஊகம் என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது.

விரிசல்

விரிசலுக்குள் மண் புகுந்து இறுகிய பல் பெருத்துக் காட்டும். விரிசலின் அகலத்தைக் கழியுங்கள்.

நீளம் × அகலம்

அது செவ்வகத்தின் பரப்பு; பல்லின் பரப்பு அல்ல.

ஆண், பெண் வேறுபாட்டை மறப்பது

இமயமலையடிவாரச் சிவாலிக் மலையில் 1932-இல் ஆய்வாளர் லூயிஸ் கண்டெடுத்த ராமாபித்திகஸ் என்ற வாலில்லாக் குரங்கின் புதைபடிவம், சிறிய கோரைப்பல்லையும் சான்றாகக் காட்டி, நெடுங்காலம் மனித மூதாதை என்று பாடநூல்களில் உட்கார்ந்திருந்தது. பின்னர் அது ஒராங்குட்டானுக்கு நெருங்கிய சிவாபித்திகஸ் என்ற புதைபடிவக் குரங்கினத்துடன் சேர்க்கப்பட்டது; சிறிய பற்கள் பெண் விலங்கினுடையவை என்று விளக்கினார்கள். கையில் இரண்டு பற்களை வைத்துக்கொண்டு புது இனம் பேசுபவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

அடுத்தவர் எண்களோடு கலப்பது

அவர் அளந்த பற்களில் சிலவற்றை முதலில் நீங்களும் அளந்து பாருங்கள். உங்கள் இருவருக்கும் இடையிலான வித்தியாசம், நிறுவ நினைக்கும் இன வேறுபாட்டை எட்டிவிட்டால் அந்த ஒப்பீட்டைக் கைவிடுங்கள்.