ஆம்ப்பைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள்

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர் பக்கம் திருவிழா மேடைகளில் கிட்டார் வாசிக்கும் தம்பிகளுக்கு ஒரு விஷயம். ஆம்ப்பை, அதாவது கிட்டார் ஒலியைக் கூட்டித் தரும் ஸ்பீக்கர் பெட்டியை, தரையில் நேராக வைத்தால் சத்தம் முழங்காலோடு போய்விடும். ட்ரெபிள், அதாவது கீச்சென்ற மேல் ஒலி, ஸ்பீக்கருக்கு நேர் எதிரேதான் அதிகம் பாயும். அது உங்களுக்குக் கேட்கவில்லை என்று கூட்டிக்கொண்டே போனால், முன்வரிசைக்காரர்களுக்குக் காது கூசும்.

முன்பக்கத்துக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, ஸ்பீக்கர் உங்கள் முகத்தைப் பார்க்கும்படி சாயுங்கள். ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் மாதிரி ஆம்ப்களில் பக்கவாட்டிலேயே சாய்ப்புக் கால்கள் உண்டு. பேஸ், அதாவது கனத்த கீழ் ஒலி, குழம்பினால், உறுதியான பால் கிரேட்டைக் கவிழ்த்து அதன்மேல் ஏற்றலாம். தரையை விட்டு எழும்பினாலே பேஸ் தெளியும். சக்கரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். பலகை மேடை அதிரும், அதனால் ஆம்ப் சரியாமல் நிற்கிறதா என்று கையால் தள்ளிப் பார்ப்பது ரொம்ப முக்கியம். அப்புறம் ட்ரெபிளைக் குறைத்து டோனை மறுபடி செட் செய்யுங்கள்.